பாதியில் நிற்கிற பின்னல்கள்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். மேசை மேல் நான்கு வேலைகள். கை மட்டும் பின்ன வேண்டிய ஒரு ஸ்வெட்டர், பாதி வளர்ந்த குரோஷா மேசைவிரிப்பு, அடி போட்டு நான்கு வரிசை ஏறிய ஒயர் கூடை, ஜோடியில் ஒன்று முடிந்து மற்றொன்று ஊசியிலேயே நிற்கும் குழந்தை சாக்ஸ். "டீச்சர், ஒண்ணை முடிச்சுட்டு அடுத்ததை எடுக்கக் கூடாதா?" என்று 1994 பேட்ச் பையன் ஒருவன் கேட்டான். "திண்டிவனம் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதுக்குப் பெரியம்மா?" என்று என் தங்கை மகள். இரண்டும் நல்ல கேள்விகள். வரலாறு டீச்சரிடம் கேட்டதால் பதில் கொஞ்சம் நீளமாக வரும். காபியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நெசவு வேறு, பின்னல் வேறு. நெசவில் பாவு, ஊடு என்று இரண்டு திசையில் நூல் வேண்டும், தறி வேண்டும், தறிக்குக் குழியும் இடமும் வேண்டும். பின்னலில் ஒரே நூல் தன்னைத்தானே கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகிறது. இரண்டு ஊசியும் ஒரு நூல் உருண்டையும் போதும். மடியில் வைக்கலாம், பையில் போடலாம், அடுப்பில் பால் பொங்கினால் அப்படியே வைத்துவிட்டு ஓடலாம். நெசவு உலகத்தில் பெரும்பாலும் குடும்பத் தொழிலாகவும் சாதித் தொழிலாகவும் நிலைத்தது. கைப்பின்னல் வீட்டு வேலைக்கு நடுவே இருக்கும் பெண்களிடம் வந்து சேர்ந்ததற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

இது நம் நாட்டில் பிறந்த கலை இல்லை. எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற பழைய ஊரில் கிடைத்த ஒரு சிவப்புக் கம்பளிக் காலுறை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 1,600 வருடம் பழையது. செருப்பு வார் நுழைவதற்காகக் கட்டைவிரலைத் தனியாகப் பிரித்திருக்கிறார்கள். அது ஒற்றை ஊசியால் செய்தது. இன்று நாம் செய்வதுபோன்ற பின்னலின் பழைய துண்டுகளும் எகிப்திலிருந்தே கிடைத்துள்ளன. நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலில் செய்தவை. கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் நம் குஜராத்திலிருந்து போன அச்சுத்துணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. நம் துணி அங்கே போய்க்கொண்டிருந்தது. ஆனால் பின்னல் ஊசி இங்கே பரவியது பல நூற்றாண்டு கழித்து, ஐரோப்பியர்கள் வழியாகத்தான்.

தமிழ்ப் பகுதியில் அந்தக் கதை நாகர்கோவிலிலிருந்து தொடங்குகிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819இல் அங்கே வந்தார்கள். மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். சிறு தலையணை மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற லேஸ். அன்று திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அது சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே, லேஸ் வேலையில் கிடைத்த காசைச் சேர்த்து வைத்துச் சில அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. இதைப் படிக்கும்போதெல்லாம் நான் ஒரு நிமிடம் நிறுத்திவிடுவேன். விரல் நுனியில் செய்த வேலைக்குக் கூலி தன் கையிலேயே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். மால்ட் தம்பதியின் மகள் எலைசாதான் 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனவர். நாம் திராவிட மொழி ஒப்பிலக்கணத்துக்காகக் கால்டுவெல்லை நினைக்கிறோம். இடையன்குடிப் பெண்கள் லேஸ் வேலைக்காக எலைசாவையும் நினைக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரி 40 கிலோமீட்டருக்குள்தான். அங்கே குளூனி சபைக் கன்னியாஸ்திரிகள் 1827இல் வந்து இறங்கினார்கள். அவர்கள் நடத்தும் பூவேலை நிலையத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1879இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ரயில் வந்தது. ரயிலோடு ரயில்வே காலனி வந்தது, காலனியோடு ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வந்தன. என் அத்தை இரண்டு ஊசிப் பின்னலைக் கற்றது அந்தக் காலனியில், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாவிடம். அதற்குப் பதிலாக அத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது புளிக்குழம்பு என்று வீட்டில் சொல்வார்கள்.

திண்டிவனத்தில் இன்னொரு வழி இருந்தது. 1853இல் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷனுக்குத் திண்டிவனம் ஒரு நிலையம். இங்கே படித்தவர்கள் ஸ்கடர் என்ற பெயரைப் பள்ளிக்கூடப் பெயர்ப்பலகையிலேயே பார்த்திருப்பீர்கள். 1890களின் தொடக்கத்தில் இந்த ஊரில் ஒரே இரவில் நடந்த சம்பவத்தை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். டாக்டர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, அப்போது இளம்பெண், பெற்றோரைப் பார்க்க வந்திருந்தார். இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவரும் உயர்சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில். "என் அப்பா டாக்டர், அவர் வருவார்" என்றார் ஐடா. ஆண் டாக்டரை வீட்டுக்குள் விட மூவருமே சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899இல் மருத்துவம் முடித்து, 1900இல் திரும்பி வந்து, வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தது.

இதற்கும் பின்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். டாக்டர் நுழைய முடியாத அதே மாதிரி வீடுகளுக்குள் நுழைந்தது ஊசி. கல்கத்தாவில் ஹன்னா மல்லென்ஸ் என்ற மிஷனரி அம்மையார் ஒரு ஜோடிச் செருப்புக்குப் பூவேலை செய்துகொண்டிருந்தாராம். பார்க்க வந்த வங்காளி கனவான் ஒருவர், "என் மனைவிக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?" என்று கேட்டாராம். அந்தப்புரத்துக் கதவைத் திறந்தது அந்தச் செருப்புத்தான் என்று பிற்காலத்தில் சொல்வார்கள். கதை எப்படியோ, வழிமுறை உண்மை. இந்தியா முழுவதும் மிஷன் பெண்கள் வீடுகளுக்குள் போனபோது பையில் ஊசியும் நூலும் இருந்தன. தையல் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் மாமியாரும் தடுக்கவில்லை, மாமனாரும் தடுக்கவில்லை. ஊசியைப் பின்தொடர்ந்து எழுத்து போனது, சுகாதாரம் போனது, அவர்கள் மதமும் போனது. பெண் கல்வி தெருப் பக்கமாக மட்டும் வரவில்லை பிள்ளைகளே, கொல்லைப் பக்கமாகவும் வந்தது.

இப்போது என் தங்கை மகளின் கேள்வி. வெயில் ஊரில் கம்பளி எதற்கு? மார்கழி மாதம் காலை 5 மணிக்கு விழுப்புரம் பஸ் நிலையத்தில் நின்று பார். தலையில் மங்கி கேப் இல்லாத பெரியவர் எத்தனை பேர்? அந்தத் தொப்பிக்கு ஆங்கிலத்தில் பாலகிளாவா என்று பெயர். 1854இல் கிரிமியப் போர் நடந்த ஊரின் பெயர் அது. குளிரில் நடுங்கிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெண்கள் பின்னி அனுப்பிய தொப்பிக்கு, ஊர்ப் பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. 1914 குளிர்காலத்தில் பிரான்சுப் பதுங்குகுழிகளில் இந்தியச் சிப்பாய்கள் நின்றபோதும் இப்படித்தான் கம்பளித் தொப்பியும் காலுறையும் மூட்டை மூட்டையாகப் போயின. 1962இல் சீனப் போர் வந்தபோது நாடெங்கும் பெண்கள் ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னினார்கள். நான் அப்போது சின்னக் குழந்தை. அத்தை பச்சை நூலில் ஒன்று பின்னியதும், அதை யாரும் போட்டுப் பார்க்கக் கூடாது என்று அலமாரி மேல் வைத்ததும் நினைவிருக்கிறது. ஆகவே நம் ஊர் ஸ்வெட்டர் பெரும்பாலும் நம் ஊருக்கானதே இல்லை. எல்லையில் இருக்கும் ஒருவருக்கு, பெங்களூரில் படிக்கும் பிள்ளைக்கு, நேற்றுப் பிறந்த குழந்தைக்கு. அனுப்புவதற்காகப் பின்னியவை.

1970, 80களில் கம்பளியைவிட நம் வீடுகளை ஆண்டவை வேறு இரண்டு. ஒன்று குரோஷா. ரேடியோவுக்கு ஒரு மூடி, பிற்பாடு டிவிக்கு ஒரு மூடி, தண்ணீர்ச் செம்புக்கு மணி கோத்த ஒரு மூடி. மற்றொன்று ஒயர் கூடை. நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, சிவன் கண் என்று எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றது. இதற்குப் புத்தகமும் இல்லை, சான்றிதழும் இல்லை. பிளாஸ்டிக் ஒயர் வெளியிலிருந்து வந்த பொருள்தான். ஆனால் அந்த முடிச்சுகளுக்குப் பெயர் வைத்தது நம் பெண்கள்.

இந்த இடத்தில் வரலாற்றின் கசப்பான பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆந்திராவில் கோதாவரி கழிமுகத்தில் நர்சாபூர் என்ற ஊர். அங்கேயும் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக லேஸ் வந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே தங்கி ஆராய்ந்து 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்டது இது. ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டு வேலை போக ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் குரோஷா போட்டார்கள். அந்த லேஸ் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானது. வியாபாரம் ஆண்கள் கையில். பெண்களுக்குக் கிடைத்த கூலியோ வயல் வேலைக்குப் போன பெண்களின் கூலியைவிடக் குறைவு. ஏன் ஒப்புக்கொண்டார்கள்? "நாங்கள் கூலிக்காரர்கள் இல்லை, வீட்டில் இருக்கிற பெண்கள், ஓய்வு நேரத்தில் செய்கிறோம்" என்ற கௌரவம். அந்தக் கௌரவத்துக்கு அவர்கள் கொடுத்த விலை கூலிக் குறைவு. இன்னொரு விஷயம் என்னை மிகவும் தைத்தது. ஒருத்தி பூ மட்டும் போடுவாள், மற்றொருத்தி அவற்றை இணைப்பாள். முழு விரிப்பையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே பெண் செய்வது குறைவு. வாழ்நாள் முழுக்கத் துண்டு துண்டாகவே செய்து, முடிந்த பொருளைக் கண்ணால் பார்க்காமலே போனவர்கள் உண்டு.

நம் நாட்டின் புள்ளிவிவரக் கணக்கிலும் இந்தக் கதை இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் போடுவார்கள். 92 என்றால் வீட்டு வேலை மட்டும் செய்பவர். 93 என்றால் வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டு உபயோகத்துக்குத் தைப்பது, நெய்வது போன்றவையும் செய்பவர். இரண்டு எண்ணுமே உழைப்பாளர் கணக்கில் சேராது. எங்கள் அத்தை பள்ளியில் சொல்லிக்கொடுத்தபோது உழைப்பாளி. மாலையில் அதே ஊசியால் வீட்டுக்குத் தைத்திருந்தால் மட்டும், அந்தக் கணக்கின்படி, உழைப்பாளி இல்லை.

பள்ளிக்கூடத்தில் கைவேலை என்ற கதையும் சிக்கலானதுதான். 1937இல் காந்தி வார்தாவில் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கைத்தொழில் வழியாகவே பாடம் என்பது அவர் எண்ணம். நம் பள்ளிகளில் தக்ளி சுற்றியதெல்லாம் அந்த வழியில் வந்தது. 1953இல் ராஜாஜி அரசு, தொடக்கப் பள்ளியில் 3 மணி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று தமிழகம் கொதித்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டது சரி என்றுதான் நான் எப்போதும் சொல்வேன். செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத்தான் தைக்க வேண்டும் என்றால் பள்ளிக்கூடம் எதற்கு? ஆனால் கைவேலையும் சாதியும் ஒன்றல்ல. எல்லாச் சாதிப் பிள்ளைகளும், ஆண்பிள்ளைகளும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஊசியைப் பிடித்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். நடந்தது என்ன? தையல் பெண்பிள்ளைகளின் பீரியடாகச் சுருங்கியது. தேர்வு நெருங்கினால் கணக்கு டீச்சர் அந்தப் பீரியடை வாங்கிக்கொள்வார். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி போன்றவற்றுக்கு அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் 3 அரை நாள், மாதம் 5,000 ரூபாய். கைவேலைக்கு நாம் என்ன மதிப்பு வைத்திருந்தோம் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

சரி, 1994 பேட்ச் பையனுக்குப் பதில். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கலாமே என்றாய். தம்பி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம், ஒரு வெளிச்சம், ஒரு உடம்பு இருக்கிறது. ஸ்வெட்டருக்குக் கண்ணி எண்ண வேண்டும், அதனால் காலை வெளிச்சத்தில் மட்டும். ஒயர் கூடைக்கு விரலில் பலம் வேண்டும், வெளிச்சம் வேண்டாம். கரண்ட் போனாலும் போடலாம். குரோஷா ஊசியில் எந்த நேரமும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காரும்போது அதுதான் துணை. இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணி முழுவதும் திறந்திருக்கும், நடுவில் நிறுத்தினால் நழுவும். வரிசை முடித்தே எழ வேண்டும். இப்படி நாளின் நான்கு மூலைகளில் நான்கு வேலை உட்கார்ந்திருக்கிறது. ஒன்று மற்றொன்றின் நேரத்தைத் தின்பதில்லை.

ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுச் சீட்டைப் பின் குத்தி வைத்திருக்கிறேன். ஊசி எண், எத்தனையாவது வரிசை, அடுத்து என்ன, தேதி. இது அத்தை கற்றுக்கொடுத்த பழக்கம். ஸ்வெட்டர் கைக்கு ஒரு நாளைக்கு 6 வரிசை என்று கணக்கு. அதற்கு மேல் ஆசை வந்தாலும் போடுவதில்லை, மறுநாள் விரல் வலிக்கும். ஒரு கைக்கு 90 வரிசை, 15 நாள். இன்று 52இல் நிற்கிறேன். கூடைக்கு இன்னும் 9 வரிசையும் கைப்பிடியும். சாக்ஸ் குதிகால் திரும்பிவிட்டது.

மேசைவிரிப்பு என்னுடையது இல்லை. அது அத்தையுடையது. அத்தை போன பிறகு அவர் டிரங்குப் பெட்டியில் இருந்தது, 1987 என்று தேதி போட்ட சீட்டோடு. "14ஆம் சுற்று, அடுத்தது அன்னாசிப் பூ" என்று அவர் கையெழுத்து. விழுப்புரம் வீட்டைக் காலி செய்யும்போது பழைய பேப்பர்க்காரருக்குப் போட எடுத்து வைத்திருந்த பொருள்களில் அந்தப் பெட்டியும் இருந்தது. யாரையும் குறை சொல்லவில்லை, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 15ஆம் சுற்றை நான் போட்டேன். என் கண்ணி அத்தையுடையதைவிடக் கொஞ்சம் தளர்வு, பார்த்தாலே தெரியும். பிரித்துச் சரிசெய்யப் போவதில்லை. எது அவர் கை, எது என் கை என்று தெரியட்டும்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், பீரோவின் அடித்தட்டில் இப்படி ஏதாவது கிடக்கலாம். ஊசியோடு நிற்கிற பாதி ஸ்வெட்டர், கைப்பிடி இல்லாத கூடை, மணி உதிர்ந்த செம்பு மூடி. தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு படம் எடுங்கள். செய்தது யார், எந்த வருடம், யாருக்காக என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். அரசாங்க ஆவணக் காப்பகத்தில் நம் பாட்டிகளின் உழைப்புக்குக் காகிதம் இல்லை. இருக்கிற ஆவணம் இதுதான்.

மாணவர்களுக்கு ஒன்று. உங்களில் பலர் இன்று கடை வைத்திருக்கிறீர்கள், ஏற்றுமதி நிறுவனங்களில் இருக்கிறீர்கள், திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களும் உண்டு. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்துகொடுக்கும் பெண்களிடம் கூலி பேசும்போது "சும்மா இருக்கிற நேரத்துல செய்யறதுதானே" என்ற வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று கேட்டு, அதற்குக் கொடுங்கள்.

 நெல்லிக்காய் முடிச்சில் கூடையின் மூலை திருப்ப யாருக்காவது நன்றாகத் தெரிந்தால் எழுதுங்கள், இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அடுத்த வாரம் ஸ்வெட்டர் கை முடிந்ததும் படம் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்,
திண்டிவனம்